பெகு ரோட்டுத் தண்ணீர்

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிப்படி ஏறுகிறேன்... என் வீட்டு வாசலில் இரண்டு குடைகள் சாத்தியிருந்தன. மாசி மாதம். மழையும் இல்லை, அந்த நேரத்தில் வெயிலும் இல்லை. அப்படியும் குடையோடு ஒருவர் வந்தால் பெரிய மனிதர் என்று அர்த்தம்.

பெரிய மனிதர்கள்தான். நம் ரங்கூன் தமிழர் சங்கத்தைச் சேர்ந்த இருவர். பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும். அவர்களுக்குப் பின்னால், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் எதிர் வீட்டுப் பிள்ளைவாள் நின்றிருந்தார். துறைமுக ஆபீஸில் கிளார்க். என் சிநேகிதி கோமதியின் வீட்டுக்காரர்.

"டீச்சர், உங்களால் ஒரு காரியம் ஆகணும்" என்றார் மூத்த குடை.

"சொல்லுங்கள்."

"வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறீர்களே... இந்த வாரம் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதணும்."

"என்ன வரி?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சனிக்கிழமை மோட்டாரில் போன இடத்தில் கோமதி அம்மாள் வெளித் தண்ணீர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. இவ்வளவுதான்!"

சாக்கடை நாறுகிறது, எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். டிராமில் பெண்களுக்கு இடம் விடுவதில்லை, எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண் எதைக் குடிக்கவில்லை என்று எழுதச் சொல்லி இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அந்தத் தண்ணீரைப் பற்றித்தானே? கட்டாயம் எழுதுகிறேன்" என்றேன். குடைகள் சந்தோஷமாக இறங்கிப் போயின.

இதோ எழுதுகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிப்பேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோமதி கல்யாணமான கையோடு ரங்கூனுக்கு வந்தவள். ஒன்பது வருஷம் ஆகிறது. முன் ஜன்னலைத் திறந்தால் தெருவும் பள்ளிவாசலும். பின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். சமையலறை பின்பக்கம், ஆகவே அவள் அதிகம் பார்த்தது சுவர்தான். நல்ல நாளில் குதிரை வண்டியில் திரை போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள், திரை போட்டே கொண்டுவந்து விடுவார்கள்.

இந்த மாதம் ஊரிலிருந்து கடுதாசி. மாமியார் படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கோமதியை அனுப்பு. பிள்ளைவாள் உடனே கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அவர் இங்கேயே இருப்பாராம், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்வாராம். எத்தனை காலத்துக்கு? அதெல்லாம் தெரியாது.

மாமியாருக்குப் பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள். இரண்டு பேர், அதே ஊரில், அடுத்த தெருவில்! அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறதாம். கோமதிக்குக் குழந்தை இல்லை. அதனால் அவளுக்குக் குடும்பமும் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "டீச்சரம்மா, ஊருக்குப் போனா ரங்கூன் எப்படி இருக்குன்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல? பக்கத்து வீட்டுச் சுவரப் பத்திச் சொல்லவா?" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. அன்று சாயங்காலமே பிள்ளைவாளைப் பிடித்தேன்.

"சனிக்கிழமை கோமதியை மோட்டாரில் கூட்டிக்கொண்டு போகிறேன். பெகு ரோட்டில், பெகு பட்டணம்வரைக்கும்."

"பெகுவுக்கா? அங்கே என்ன விசேஷம்?"

"ஒன்றுமில்லை. சும்மா பார்க்க."

"சும்மாவா?"

அவர் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே! கல்யாணம், சாவு, கோயில், கோர்ட்டு... இந்த நாலுக்கு அல்லாமல் நம்மவர்கள் எங்காவது போயிருக்கிறோமா? வெள்ளைக்காரர் போகிறார். கூடை நிறையச் சாப்பாடு, மடக்கு நாற்காலி, ஒரு மரத்தடி. மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் நம்மவர். அவர் மரத்தைப் பார்ப்பதில்லை.

"அங்கே சாமி பள்ளிகொண்டிருக்கிறார்" என்றேன்.

"அட, கோயிலா? அப்படிச் சொல்லுங்கள்!" என்று முகம் மலர்ந்துவிட்டது. படுத்திருக்கிற சாமி புத்தர் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும். வெளியில் தண்ணீர் வாயில் படக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைவாளின் தண்ணீர்ச் சட்டம் எனக்குப் புதிதில்லை. நான் கிறிஸ்தவள். அவர்கள் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் உண்டு. ஜன்னலில், மற்ற பாத்திரங்களோடு சேராமல், தனியாகக் கவிழ்ந்திருக்கும். கோமதியின் காப்பிக்காக இத்தனை வருஷமும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கோபம் இல்லாமல் இல்லை.

சனிக்கிழமை காலையில் காதர் பாய் தம் வாடகை மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கீழக்கரைக்காரர். மோட்டாருக்கு மேலே கித்தான் கூரை, ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கோமதி இறங்கி வந்தாள். ஒரு கையில் புளியோதரைத் தூக்கு. இடுப்பில் பித்தளைக் குடம், நிறையத் தண்ணீர், வாயில் துணி கட்டி!

"தங்கச்சி, பெகுவுக்குப் போறோமா, பாலைவனத்துக்குப் போறோமா?" என்றார் காதர் பாய்.

"அவுக உத்தரவு பாய்" என்று குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்வேடகோன் பகோடா பின்னால் போயிற்று. பட்டாள லைன் போயிற்று. ரப்பர் தோட்டங்கள் போயின. அப்புறம்... ஒன்றுமே இல்லை! அறுப்பு முடிந்த வயல், வயல், மறுபடியும் வயல். அடிவானத்தில் நாலு பனைமரம். செம்மண் புழுதி எங்கள் தலையெல்லாம்.

கோமதி வாய் திறந்து உட்கார்ந்திருந்தாள். "இம்புட்டு வானமா!" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "இங்கன வெளையற அரிசியா நம்ம ஊருக்குக் கப்பல்ல வருது? இத்தனை வருஷமா வடிக்கேன், வயலப் பாக்கலியே" என்றாள். தலையிலிருந்த முந்தானை காற்றில் நழுவியது. அவள் அதை இழுத்துப் போடவில்லை.

அப்போதுதான் மோட்டார் பொருமியது. முன்பக்க மூடியிலிருந்து புஸ் புஸ் என்று ஆவி. காதர் பாய் இறங்கிப் பார்த்து, "தண்ணி கேக்குது டீச்சரம்மா. ஊத்தாட்டி ஒரு அடி நகராது" என்றார். பக்கத்து வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஆள் அரவமே இல்லை.

மூன்று பேரும் ஒன்றாக மடியிலிருந்த குடத்தைப் பார்த்தோம்.

கோமதிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "ஊத்துங்க பாய்! அவுக ஆசாரத்த அம்புட்டையும் ஊத்துங்க!" என்று துணியை அவிழ்த்துக் குடத்தை நீட்டினாள். மோட்டார் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கிளம்பியது. அன்றைக்கு ரங்கூன் ஜில்லாவிலேயே ஆசாரமான பிராணி காதர் பாயின் மோட்டார்தான்.

சிறிது தூரத்தில் ரோட்டோரமாக ஒரு ஜயாட். பர்மாக்காரர்கள் வழிப்போக்கருக்காகக் கட்டிவைக்கிற மரச் சாவடி. யாரும் ஏறி உட்காரலாம், தூங்கலாம், சாப்பிடலாம். அங்கே ஏறிப் புளியோதரையைத் தின்றோம். கோமதியின் புளியோதரை காரசாரமானது. அதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் யாராலும் இருக்க முடியாது.

சாவடிக்குப் பக்கத்தில் குட்டிக் கூரைபோட்ட ஒரு மேடை. மேடைமேல் த்வாண்டே ஊர்க் குயவர்கள் செய்த இரண்டு மண்பானைகள், மூடியின்மேல் கொட்டாங்கச்சி அகப்பை. கோமதி வயது இருக்கும், ஒரு பர்மாப் பெண் வாயில் சுருட்டோடு பானைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "யே தௌ பா" என்றாள். தண்ணீர் குடியுங்கள் என்று அர்த்தம்.

காதர் பாய் குடித்தார். நான் குடித்தேன். கோமதி நின்றாள்.

"இது யார் யார் குடிக்கலாம்னு கேளுங்க டீச்சரம்மா."

கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் கேட்கச் சொன்னாள். மறுபடியும் கேட்டேன். "தாகம் எடுத்தவர்கள் குடிக்கலாம்" என்றாள். பிறகு, நாங்கள் ஏதோ சுகமில்லாதவர்கள் என்று நினைத்தாளோ என்னவோ, அகப்பையில் மொண்டு அவளே நீட்டினாள்.

கோமதி வாங்கினாள். "எங்க ஊர்ல கிணத்தடிக்குப் போனா, நீ யாருன்னு கேட்டுட்டுத்தான் கயித்த விடவே விடுவாக. இவ யாருன்னு கேக்கவே இல்லியே டீச்சரம்மா" என்றாள். குடித்தாள். "என்னா குளுமை!" என்றாள். இன்னொரு அகப்பை வாங்கிக் குடித்தாள்.

பெகுவில் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்தோம். பெரிய இரும்புக் கொட்டகைக்குள், கோயில் தேரை நாலைந்து வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு நீளம். தலைக்குக் கையை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, ஒரு அவசரமும் இல்லாத சிரிப்பு. செருப்பை விட்டுவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள் கோமதி. பாதத்தருகே வெகுநேரம் நின்றாள்.

"பட்டப்பகல்ல படுத்திருக்காரே... யாரும் ஒண்ணும் சொல்லுறதில்லியா?"

"சாமியை யார் சொல்வார்கள்?"

"நான் பகல்ல படுத்ததே இல்ல டீச்சரம்மா. காய்ச்சல் வந்தாக்கூட உக்காந்துதான் இருப்பேன்."

கடைத்தெருவில் காதர் பாய் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். கோமதி ஒரு த்வாண்டே பானை வாங்கினாள். "ஊருக்குக் கொண்டுபோவேன். ரங்கூன் எப்படி இருக்குன்னு கேட்டா இதுல தண்ணி குடுப்பேன்" என்றாள். திரும்பும்போது அவள் சொன்னபடி அதே ஜயாட்டில் மோட்டாரை நிறுத்தினோம்.

ஏறிப் படுத்தாள். கால் நீட்டி, தலைக்குக் கையை வைத்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்ளக்கூட இல்லாமல். வழியில் மாட்டு வண்டி போனது. புத்த பிக்ஷுக்கள் இருவர் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காதர் பாய் மோட்டாருக்கு அடியில் நிழலில் படுத்துவிட்டார். நான் வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு? சும்மா!

எழுந்தபோது கன்னத்தில் பலகை பதிந்திருந்தது. கூந்தலைக் கட்டிக்கொண்டே, மெதுவாக, "எனக்கு ஊருக்குப் போக இஷ்டமில்ல டீச்சரம்மா" என்றாள். "ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"பிள்ளைவாளிடம் நீயே சொல்லேன்."

"சொன்னா அவுக காதுல விழாது. அவுக காதுல எது விழும்னு எனக்குத் தெரியும்."

படியிறங்கினாள். நேராகத் தண்ணீர் மேடைக்குப் போனாள். சோடா குடித்து இன்னும் ஏப்பம்கூட அடங்கவில்லை, தாகம் எங்கிருந்து வந்தது? அகப்பையை நிறைய மொண்டாள். எங்கள் இருவரையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காதர் பாய், "அல்லா!" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வீடு வந்து சேர்கிறவரைக்கும் புரியவில்லை.

விளக்கு வைப்பதற்குள் வந்து சேர்ந்தோம். மாடிப்படி உச்சியில் பிள்ளைவாள் நின்றிருந்தார். முதல் கேள்வி என்ன? சாமி தரிசனம் ஆயிற்றா என்பதா? இல்லை. "வெளியில் தண்ணீர் கிண்ணீர்...?"

நான் முந்திக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்குமா? "குடம் நிறையக் கொண்டுபோனோமே பிள்ளைவாள்! இதோ காலிக் குடம்" என்று காட்டினேன். பொய் இல்லை பாருங்கள். கோமதி அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் எனக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். காலிக் குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "குடத்துத் தண்ணிய மோட்டார் குடிச்சிருச்சு. நான் ரோட்டோரப் பானையில குடிச்சேன். பர்மாக்காரி மொண்டு குடுத்தா. போகையில குடிச்சேன், வரயிலயும் குடிச்சேன்."

எங்கள் கட்டடத்துச் சுவர்கள் பலகை. அடுத்த நிமிஷம் மூன்று மாடிக்கும் விஷயம் போய்விட்டது.

இப்போது பிள்ளைவாளின் சங்கடத்தைப் பாருங்கள். வெளித் தண்ணீர் குடித்த மருமகள் கையால் அவர் அம்மா கஞ்சி குடிப்பாரா? பட்டினி கிடந்தாலும் கிடப்பாரே தவிரக் குடிக்க மாட்டார். கஞ்சி ஊற்ற முடியாத மருமகளைக் கப்பலேற்றி என்ன பிரயோசனம்? சொல்லாமல் அனுப்பலாமா என்றால், அதே கப்பலில் அதே ஊர்க்காரர் இரண்டு பேர் போகிறார்கள். இருவரும் எங்கள் கட்டடம்!

கோயில் குருக்களைக் கேட்டார். அவர் நல்ல மனிதர், சின்னதாக ஒரு பரிகாரம் போதும் என்றார். கோமதி, "தப்புச் செஞ்சாத்தான பரிகாரம்? தாகம் தப்பா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் குடைகள் என் வீட்டுக்கு வந்தன. பத்திரிகையில் அச்சாகிவிட்டால் ஊர் நம்புமாம்.

ஐயா பெரியோர்களே, ஒன்று கேட்கிறேன். நாம் தினம் குடிக்கிற குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெகு ரோட்டுக்கு மேற்கே இருக்கிற ஏரியிலிருந்து. அந்த ஏரியில் யார் குளிக்கிறார்கள், எந்த எருமை படுத்திருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? குழாயில் வந்தால் சுத்தம், பானையில் வந்தால் தீட்டா? சொல்லுங்களேன், தெரிந்துகொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பிள்ளைவாள் வீட்டுக்குப் போனேன். "பிள்ளைவாள், டிக்கெட் இருக்கிறது. அம்மா உங்களுடையவர். ஆபீஸில் லீவு பாக்கி இருக்கிறது. நீங்கள் பெகுவுக்கு வரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. உங்கள் கை சுத்தமாக இருக்கிறது. நீங்கள் போய்க் கஞ்சி ஊற்றுங்கள்" என்றேன்.

கோமதி காப்பி கொண்டுவந்தாள். ஜன்னலில் கவிழ்ந்திருந்த டம்ளர் அப்படியே இருந்தது. காப்பி அவளுடைய டம்ளரில் வந்தது. பிள்ளைவாள் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சூடாகக் குடித்தேன்.

வியாழக்கிழமை கப்பல். போனவர் பிள்ளைவாள்தான்! தகரப் பெட்டியில் ரசப்பொடி, நார்த்தங்காய் எல்லாம் கட்டிக் கொடுத்தாள் கோமதி. அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். துறைமுகத்தில் கப்பல் படிமேல் கால் வைத்தவர் திரும்பி வந்து, தணிந்த குரலில், "கஞ்சிக்கு எத்தனை பங்கு தண்ணீர்?" என்று கேட்டார். கோமதி கைவிரலை விரித்துக் காட்டினாள். கப்பல் போகிறவரைக்கும் அழுதாள்.

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டதா? இல்லை. கீழ்மாடி அம்மாள் கோமதி கையால் மோர் வாங்குவதை நிறுத்திவிட்டாள். படியில் அவள் வந்தால் இரண்டு பேர் புடவையை ஒதுக்கிக்கொள்கிறார்கள். பிள்ளைவாள் திரும்பி வரும்போது எந்த மனசோடு வருவார், யார் என்ன சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள்... தெரியாது. "பயமாத்தான் இருக்கு டீச்சரம்மா" என்கிறாள். ஆனால் பின் ஜன்னலைச் சாத்திவிட்டாள். அரிசி களைவது, காய் நறுக்குவது எல்லாம் முன் ஜன்னலில்தான்.

ஊருக்குப் போகாத த்வாண்டே பானை இப்போது எங்கள் கட்டடத்துத் தெருவாசலில், முக்காலிமேல் இருக்கிறது. கோமதி காலையில் நிரப்புகிறாள். கொட்டாங்கச்சிக்குக் காம்பு போட்டு அகப்பை செய்து கொடுத்தவர் காதர் பாய். ரிக்ஷாக்காரர்கள் குடிக்கிறார்கள், மீன்காரி குடிக்கிறாள், பள்ளிவாசலுக்கு வருகிறவர்கள் குடிக்கிறார்கள்.

கேட்ட வரியை எழுதவில்லை என்று சங்கத்துப் பெரியவர்களுக்குக் கோபம் வரும். தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள். மூன்று மாடி ஏற வேண்டும், தொண்டை வறண்டுபோகும். கீழே பானை இருக்கிறது, ஒரு வாய் குடித்துவிட்டே ஏறி வாருங்கள்.

நீங்கள் யாரென்று கேட்க மாட்டோம்.